கணப்புக்கு விறகு சேர்த்தல்: வாசகர் கேள்வி பதில்

மலையூர் வீடுகளில் கணப்பு (புகைபோக்கி வைத்த நெருப்பிடம்) மூட்டுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணப்பைப் பற்றியவை அல்ல. அதில் வைக்கும் விறகைப் பற்றியவை. அது நியாயமானதே. புகைபோக்கி எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் ஈர விறகை வைத்துக்கொண்டு யாரும் அறையைச் சூடாக்கிவிட முடியாது. ஆகவே இந்த இதழ் முழுவதையும் விறகுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: குன்னூரில் பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நவம்பரில் ஒரு விறகுத் தொட்டியில் (விறகுக் கடையில்) ஒரு டன் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வாங்கினோம். நன்றாகக் காய்ந்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் தீப்பிடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது. அறை முழுவதும் புகை, சூடு மட்டும் இல்லை. கோளாறு கணப்பிலா, விறகிலா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட நுரையிலேயே விடை இருக்கிறது. அது கட்டைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து, மரத்தின் நுண்குழல்கள் வழியாக முனைக்கு வந்து வெளியேறுவது. கோளாறு விறகில்தான்.

வெட்டிய அன்று ஒரு மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கும். வீட்டுக் கணப்பில் எரிப்பதற்கு அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். தண்ணீரை ஆவியாக்குவதற்கே வெப்பம் வீணாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதி தண்ணீரான விறகிலும் அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. விறகு சூடாகும்போது அதன் உலர்ந்த பொருளில் ஐந்தில் நான்கு பங்கு வாயுக்களாகப் பிரிந்து மேலெழுகிறது. நாம் காணும் சுடர் என்பது அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. ஈரம் அந்த வெப்பநிலையை எட்டவிடாமல் தடுத்துவிடுவதால், எரிந்து சூடு தந்திருக்க வேண்டிய வாயுக்கள் எரியாமலே புகையாகப் புகைபோக்கி வழியே போய்விடுகின்றன. நீங்கள் காணும் புகை, காசு கொடுத்து வாங்கிய உங்கள் விறகேதான்.

அந்தப் புகை வெளியே போய்விட்டது என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் பட்டதும் அது தார் போன்ற கறுப்புப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. பல மாதங்கள் ஈர விறகை எரித்து அந்தப் படிவு தடித்தபின், ஒருநாள் நன்றாக எரியும் விறகை வைத்தால் படிவே தீப்பிடித்துக்கொள்ளக்கூடும். பழைய மரக்கூரை வீடுகளில் இது எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கத் தேவையில்லை. இந்த ஒரு டன்னை எரித்து முடிப்பதற்குள் ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எடைக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். பாதி தண்ணீரான விறகை ஒரு டன் வாங்கினால் அதில் மரம் 500 கிலோதான். அது 20 விழுக்காட்டு ஈரத்துக்குக் காய்ந்தபின் தராசில் 625 கிலோ காட்டும். மீதி 375 கிலோவுக்கு நீங்கள் கொடுத்தது தண்ணீருக்கான விலை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் ஒரு தொட்டியில் ஏமாந்தேன்; அடுத்த வண்டி வாங்கும்போது ஒரு கோடாலியைக் கையோடு எடுத்துப்போனேன். குவியலின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மந்தமாக ஒலிக்கும். முனையில் விழுந்த வெடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். முனைகள்தாம் முதலில் காய்கின்றன. நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும்போதும் அவை வெடித்துக் காட்டும்.

இந்தக் குளிரை எப்படியாவது கழிக்க வேண்டுமே என்றால், ஒவ்வொரு கட்டையையும் மணிக்கட்டுப் பருமனுக்குச் சிறிதாகப் பிளந்து, இரண்டு வாரத் தேவையை மட்டும் கணப்புள்ள அறையிலேயே, தீயிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்தில், காற்றுப் புகும்படி அடுக்கி வையுங்கள். காய்ந்த சில்வர் ஓக் அல்லது சைப்ரஸ் விறகு சிறிது வாங்கி, முதலில் அதைக் கொழுந்துவிட்டு எரியச் செய்து, பிறகு இவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் சொந்தமாகச் சிறிய தேயிலைத் தோட்டமும் வீடும் இருக்கின்றன. எந்த மரம் கணப்புக்கு நல்லது? எந்த மாதம் வாங்க வேண்டும்? எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, மணிக்கு இரண்டு கிலோ வீதம் எரித்தால் நாளுக்கு எட்டுக் கிலோ. குளிர்காலத்தில் 120 நாள் எரிப்பதாகக் கொண்டால் 960 கிலோ, அதாவது ஏறத்தாழ ஒரு டன் காய்ந்த விறகு வேண்டும். பச்சையாக வாங்கினால் ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி. இந்த ஜனவரியில் வாங்குவது வரப்போகும் டிசம்பருக்கு. இந்தக் குளிருக்கு அன்று. உங்கள் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. உதகை, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு மழை. இரண்டுக்கும் நடுவே ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில்தான் பகலில் கடும் வெயிலும் வறண்ட காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. விறகைக் காய வைப்பது அந்த நான்கு மாதங்கள்தாம். பிறகு வரும் மாதங்கள் காய்ந்ததைக் காப்பாற்றி வைப்பதற்கே. பெரும்பாலானோர் உறைபனி விழத் தொடங்கிய பிறகு நவம்பரில் தொட்டிக்குப் போகிறார்கள். அப்போது கிடைப்பது மழையில் நனைந்த விறகுதான்.

மரங்களில் என் முதல் தேர்வு சீகை, அதாவது வாட்டில். அடர்த்தியானது, பச்சையில் எளிதாகப் பிளக்கும், ஒரு கோடையில் ஓரளவு நன்றாகக் காய்ந்துவிடும், தணலும் நெடுநேரம் நிற்கும். கற்பூர மரம் அதைவிட வலுவாக எரியும். ஆனால் பச்சையில் தண்ணீர் மிக அதிகம், நார் முறுக்கிக்கொண்டு வளர்வதால் காய்ந்தபின் கோடாலிக்கு மசியாது. அதை வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிட வேண்டும். முடிந்தால் இரண்டு கோடைகள் காய விட வேண்டும். சில்வர் ஓக் நடுத்தரம். சைப்ரஸும் பைனும் சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிசின் உள்ளதால் சிராயாகக் கிழித்து வைத்துக்கொண்டால் தீ மூட்ட அவற்றுக்கு இணை இல்லை. உங்களிடம் தோட்டம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன்: பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கும்போது அந்தத் தூர்களை விற்றுவிடாதீர்கள். கணுக்கணுவாக இருப்பதால் அடுக்குவது சிரமம். ஆனால் மண்ணை உதறிவிட்டு ஓராண்டு காய வைத்த தேயிலைத் தூர், இரவு முழுவதும் தணலைப் பிடித்து வைத்திருக்கும்.

இந்த மரங்கள் நம் மலையில் இருப்பதற்குக் காரணமே விறகுதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலேயர் உதகையிலும் வெலிங்டனிலும் குடியேறியபோது குளிருக்காக வெட்டியவை சோலைக்காட்டு மரங்கள். சோலை மரம் மிக மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாமல் போகவே, விரைந்து வளரும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது 1843-ஆம் ஆண்டு. சீகையும் அந்தக் காலத்தை ஒட்டியே வந்தது. சோலைக்கு மாற்றாக வந்த சீகை இன்று புல்வெளிகளையே விழுங்கிவிட்டது வேதனையானது. எனவே சீகையை எரிப்பதில் எனக்கு மனத்தடை இல்லை. ஆனால் யாராவது சோலை மரத்தின் கட்டையை மலிவாகத் தந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் வசிக்கிறேன். பிளந்த விறகை வீட்டின் பின்சுவரை ஒட்டி அடுக்கி, மழை படாமல் தார்ப்பாயால் நான்கு பக்கமும் இறுக்கி மூடி வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் வெள்ளைப் பூசணம் பூத்திருக்கிறது. மழையே படாத விறகு எப்படி ஈரமாயிற்று?

பதில்: ஈரமாகவில்லை, இருந்த ஈரம் வெளியேற வழி இல்லாமல் போயிற்று. விறகிலிருந்து எழுந்த ஆவி தார்ப்பாயின் உட்புறத்தில் இரவுக் குளிரில் நீர்த்துளியாகித் திரும்பவும் விறகின் மேலேயே விழுந்திருக்கிறது. விறகைக் காய வைப்பதில் வெயிலைவிடக் காற்றுக்கே முதலிடம். தலைக்கு மேல் கூரை, நான்கு பக்கமும் திறப்பு என்பதுதான் முறை.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல்லோ, கருங்கல்லோ வைத்து, அதன் மேல் இரண்டு நீண்ட கம்புகளைப் போட்டு, அதன் மேல் அடுக்குங்கள். மண்ணைத் தொடும் கட்டை ஈரத்தை உறிஞ்சும்; கறையானும் ஏறும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி வேண்டும். ஒரே வரிசையாக அடுக்குவது நல்லது. இடமில்லாமல் இரண்டு வரிசை வைத்தால் நடுவே காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். கட்டைகளின் வெட்டு முனைகள் காற்று வரும் திசையை நோக்கி இருக்கட்டும். மரத்துக்குள் தண்ணீர் நாரின் நீளவாக்கில் நகரும் வேகம், குறுக்குவாக்கில் நகரும் வேகத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் ஒன்றரை அடி நீளத்துக்குத் துண்டாக்கிய கட்டை, மூன்றடிக் கட்டையைவிட மிக விரைவில் காய்கிறது. பட்டையோ நீரை உள்ளே பூட்டி வைக்கும் உறை. உருட்டுக் கட்டையாகவே விட்டுவிட்டால் இரண்டு ஆண்டுகள் கழித்தும் உள்ளே ஈரமாக இருக்கும். பிளந்தால்தான் பூட்டு திறக்கும். மேல் வரிசையில் மட்டும் பட்டைப் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, அதற்கு மேல் தகரத்தைச் சரிவாகப் போட்டு, காற்றில் பறக்காமல் கல் ஏற்றுங்கள்.

மூடுபனியில் நனைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் இடத்தில் கூரைக்குக் கீழே நிற்கும் விறகு மொத்த எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டு ஈரத்தில் நிலைபெறும்; 90 விழுக்காடு இருந்தால் 17-ஐ ஒட்டி நிற்கும். ஆகையால் மலைக்காற்றிலும் விறகு காயும். கெடுப்பது மழைத்தண்ணீரும் மண்ணீரமும் அடைசலும்தான். பூசணம் பூத்த விறகைத் தூக்கி எறியாதீர்கள். வெளியிலேயே துடைத்து, திறந்த இடத்தில் மறுபடி அடுக்குங்கள். காய்ந்தபின் எரிக்கலாம். காயும்வரை வீட்டுக்குள் மட்டும் கொண்டுவர வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

கேள்வி: இணையத்தில் ஈரம் அளக்கும் கருவி விற்கிறார்கள். வாங்கலாமா? (உதகை வாசகர்)

பதில்: வாங்கலாம், ஆனால் கட்டையின் வெளிமுகத்தில் ஊசியைக் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். பிளந்து, புதிய முகத்தின் நடுவில், நாரின் போக்கிலேயே குத்த வேண்டும். இன்னொன்று: இத்தகைய கருவிகள் பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டே ஈரத்தைக் காட்டுகின்றன, அதில் 25 என்று வந்தால் மொத்த எடையில் 20 விழுக்காடு என்று பொருள். கருவி இல்லாமலும் அறியலாம். பிளந்தவுடன் நான்கைந்து கட்டைகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அதிலேயே கரியால் எழுதி அடுக்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றுபோகும் மாதம், விறகு தன்னால் முடிந்தவரை காய்ந்துவிட்ட மாதம். நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: நோர்வேயின் பேர்கன் நகரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பனை மட்டையும் பூவரசங் கொள்ளியும் எரித்த எங்களுக்கு இங்கே பேர்ச் மரம்தான் விறகு. சென்ற ஆண்டு ஒரு நோர்வே நண்பர் தன் காணியில் வெட்டிய மரத்தைத் தந்தார். கொத்தாமல் (பிளக்காமல்) வைத்திருந்தோம்; உள்ளே உக்கிப் போய்விட்டது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை தண்ணீர் ஊடுருவாதது. மழையை வெளியே நிறுத்துவது போலவே உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியேற விடாது. அதனால் வெட்டிய சில வாரங்களுக்குள் கொத்தியாக வேண்டும். கொத்த நேரமில்லை என்றால் பட்டையை நீளவாக்கில் இரண்டு மூன்று இடங்களில் கீறியாவது விட வேண்டும்.

அங்குள்ளவர்களின் வழக்கம், இலை துளிர்ப்பதற்கு முன், குளிர்காலக் கடைசியில் வெட்டி, வசந்தத்திலேயே கொத்தி அடுக்கிவிடுவது. அப்போதுதான் வசந்தத்தின் வறண்ட காற்றும் கோடையின் நெடும்பகலும் முழுமையாகக் கிடைக்கும். இன்னொரு பழைய முறையும் உண்டு: இலை விரிந்தபின் வெட்டி, கிளைகளைக் கழிக்காமல் சில வாரங்கள் அப்படியே கிடக்க விடுவது. இலைகள் வாடும்வரை அடிமரத்தின் நீரை இழுத்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வதால், உங்கள் அடுக்குக்கு அகலமான கூரை வேண்டும். மேலே சொன்ன மற்ற விதிகள் அப்படியே பொருந்தும். உரித்த பட்டையை எறிய வேண்டாம். தீ மூட்ட அதைவிட நல்லது இல்லை.

உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. அங்கே விறகை எடையில் அல்லாமல் மூட்டையின் லீற்றர் அளவில் விற்பதால், தண்ணீருக்குக் காசு கொடுக்கும் நிலை இல்லை. அடுப்பு பழையதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 1998-க்கு முந்தைய, புகையை மீண்டும் எரிக்கும் அமைப்பு இல்லாத அடுப்புகளை எரிக்க பேர்கன் நகரசபை 2021-இல் தடை கொண்டுவந்தது.

கேள்வி: என் வீட்டு வளாகத்தில் நிற்கும் சீகை மரத்தை நானே வெட்டி விறகாக்கலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: சொந்த நிலமாக இருந்தாலும் உடனே கோடாலியை எடுக்காதீர்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகவும் விதிகள் உள்ளன. முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி வர நாளாகும் என்பதால், ஜனவரியில் விறகு வேண்டுமானால் மழைக்காலத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். கிளை கழிக்கும்போது விழும் சுள்ளிகளையும் மிலாறுகளையும் கட்டுக்கட்டாகக் கட்டிப் பரணில் போட்டு வைத்தால், தீ மூட்ட ஓராண்டுக்கு வரும்.

கேள்வி: விறகு ஈரமாக இருந்து புகைந்ததால், வயதான என் தாயாருக்கு இரவில் கரி போட்ட குமுட்டி அடுப்பை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறேன். புகை சிறிதும் இல்லை, நல்ல சூடு. ஆனால் காலையில் தலைவலிக்கிறது என்கிறார். (உதகை அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அந்தக் குமுட்டியை இன்றிரவே அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். புகை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது. கரித்தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பற்றிக்கொள்கிறது. காலைத் தலைவலி அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மூடிய அறையில் கரி அடுப்போடு தூங்கி, மறுநாள் எழாமலே போனவர்களைப் பற்றிய செய்திகள் நம் மலையூர்களிலிருந்தே வந்திருக்கின்றன.

புகைபோக்கி இல்லாத அறையில் எதையும் எரித்துக்கொண்டு தூங்கக் கூடாது. கரியும் கூடாது, காய்ந்த விறகும் கூடாது. இந்தக் குளிருக்குத் தாயாரின் கட்டிலைக் கணப்புள்ள அறைக்கு மாற்றுங்கள். படுக்கும் முன் வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வையுங்கள். முதல் கேள்விக்குச் சொன்னபடி விறகைச் சிறிதாகப் பிளந்து, காய்ந்த சைப்ரஸோடு கலந்து மாலையிலேயே எரித்துச் சுவர்களைச் சூடேற்றிவிட்டால், கல்லால் கட்டிய அறை நள்ளிரவு வரை இதமாக இருக்கும். ஜனவரியில் சீகை விறகு வாங்கும்போது, வீட்டில் பிளக்க ஆள் இல்லாவிட்டால், கூலி கூடுதலாகக் கொடுத்துத் தொட்டியிலேயே பிளந்து வாங்கிவிடுங்கள்.